உஷார்! யுனெஸ்கோ பெயரில் எழுதும் பிள்ளைகளே, ஒரு நிமிஷம்

வீட்டில் கல்லூரிக்குப் போகும் பெண்ணோ பையனோ இருக்கிறார்களா? ராத்திரி பதினொன்றைத் தாண்டியும் லேப்டாப்பை மூடாமல், "விக்கிப்பீடியாவுக்கு எழுதிக்கிட்டிருக்கேம்மா" என்கிறார்களா? நல்ல காரியம்தான். ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ மேல். திட்டாதீர்கள். ஆனால் பக்கத்தில் போய் உட்காருங்கள். என்ன எழுதுகிறாய், எதைப் பார்த்து எழுதுகிறாய், யார் எழுதச் சொன்னது என்று கேளுங்கள்.

கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்!

அதைக் கேட்காமல் விட்ட ஒரு வீடு பாளையங்கோட்டையில் இருக்கிறது. பெண்ணின் பெயர் வேண்டாம், கல்லூரியின் பெயரும் வேண்டாம். கெட்டிக்காரப் பெண். அதுதான் வயிற்றெரிச்சல்.

அவளும் தோழிகள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு வேலையைக் கையில் எடுத்தார்கள். தாமிரபரணிப் பக்கம் யுனெஸ்கோவோடு தொடர்புள்ள எல்லாவற்றுக்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒழுங்கான கட்டுரை இருக்க வேண்டும். இருப்பதைத் திருத்துவது, இல்லாததை எழுதுவது. அதற்கு ஒரு கூகுள் ஷீட். கட்டுரைத் தலைப்பு, யார் பொறுப்பு, சான்று கிடைத்ததா, முடிந்ததா என்று நாலு கட்டம். முடிந்தால் பச்சை வண்ணம். சனி, ஞாயிறு இவள் வீட்டு மாடியில் கூடுவார்கள். நாலு பேருக்கும் ஒரே வைஃபை. இந்த வைஃபையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

எழுத விஷயம் இல்லாத ஊரா இது? மேற்குத் தொடர்ச்சி மலையை 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மொத்தம் 39 பகுதிகளைக் கணக்கில் எடுத்தார்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் அதில் ஒன்று. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016 மார்ச்சில் யுனெஸ்கோவின் உலக வலையமைப்புக்குள் வந்தது. ஆறு பிறக்கும் பொதிகை அங்கேதான். புன்னைக்காயலில் ஆறு போய்க் கலக்கிறதே, அந்த மன்னார் வளைகுடா 2001லேயே அதே வலையமைப்பில் சேர்ந்துவிட்டது. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் யுனெஸ்கோ! பிள்ளைகளுக்கு உற்சாகம் வராமல் என்ன செய்யும்?

அந்த உற்சாகத்தில்தான் முதல் ஓட்டை விழுந்தது.

தோழி ஒருத்தி ஒரு கோயில் கட்டுரையில் ஒரு வரி சேர்த்தாள்: "யுனெஸ்கோவால் அங்கீகரிக்கப்பட்ட தொன்மையான கோயில்." யார் சொன்னது? மாமா அனுப்பிய வாட்ஸ்அப் ஃபார்வர்டு. சான்று என்று எதுவும் கிடையாது. மற்ற மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். நம்ம ஊர்ப் பெருமைதானே என்று விட்டுவிட்டார்கள். ஷீட்டில் பச்சை விழுந்தது. சில மாதம் கழித்து அந்தக் கோயிலின் விழா நோட்டீஸில் அதே வரி. பிறகு ஒரு யூடியூப் சேனலில் அதே வரி. பிறகு உள்ளூர்ச் செய்தி ஒன்றில். இன்னொரு தோழி அந்தச் செய்தியைக் கண்டுபிடித்து, சந்தோஷமாக எடுத்துவந்து, கட்டுரையில் சான்றாகப் போட்டாள்!

புரிகிறதா? இவர்கள் எழுதிய பொய் ஊரைச் சுற்றிவிட்டு வந்து, இவர்களுக்கே சாட்சி சொல்கிறது. இனி அதை அழிக்க வருபவரிடம், "பேப்பர்லயே வந்திருக்கே" என்று சண்டை போடுவார்கள்.

இது இந்த நாலு பேர் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். கோவாவில் 1640–41இல் போர்த்துக்கீசியருக்கும் மராட்டியருக்கும் பிசோலிம் போர் என்று ஒன்று நடந்ததாக ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007இல் ஒரு கட்டுரை வந்தது. அப்படி ஒரு போரே நடக்கவில்லை. அதற்கு "நல்ல கட்டுரை" என்ற தகுதியும் கொடுத்தார்கள். 2012 கடைசியில்தான் குட்டு உடைந்து நீக்கினார்கள். ஐந்து வருஷம்! அத்தனை கண் பார்க்கும் ஆங்கிலத்திலேயே ஐந்து வருஷம் என்றால், பார்க்கும் கண் குறைவாக இருக்கும் தமிழில் ஒரு பொய் வரி எத்தனை வருஷம் குடியிருக்கும், நீங்களே யோசியுங்கள்.

சரி, பாளையங்கோட்டைக்கு வருவோம். அடுத்து வந்தது பணம்.

பெண்ணின் பயனர் பக்கத்தில் அவள் தன் முழுப் பெயர், கல்லூரி, இன்ஸ்டாகிராம் முகவரி எல்லாம் போட்டிருந்தாள். அந்த வழியாக ஒருவர் வந்தார். பேச்சு தேனாக இருந்தது. "தங்கச்சி, நீங்க எழுதுனதப் பாத்தேன், ரொம்ப நல்லா எழுதியிருக்கிய. நம்ம அண்ணாச்சி ஒருத்தர் இருக்காவ, யுனெஸ்கோ டாக்டர் பட்டமெல்லாம் வாங்குனவ. அவ்வொளுக்கு ஒரு பக்கம் போட்டுத் தாங்க. சும்மா வேண்டாம், காசு தந்திருவாவ." ஜிபேயில் ஐயாயிரம் முன்பணம். அம்மாவுக்குத் தெரியாது. ஒரே நாளில் கட்டுரை எழுதிப் போட்டாள். கல்விக் காவலர், சமூகச் செம்மல், யுனெஸ்கோ கௌரவ டாக்டர்... கூடவே தோழிகள் மூன்று பேரையும் ஆளுக்கு இரண்டு வரி திருத்தச் சொன்னாள். நிறையப் பேர் கை வைத்ததாகத் தெரியட்டும் என்று.

இரண்டாம் நாள் கட்டுரை போய்விட்டது. "விளம்பரம், சான்றில்லை" என்ற குறிப்போடு நீக்கியிருந்தார்கள். அதோடு நின்றதா? நாலு கணக்கும் ஒரே இணைப்பிலிருந்து, ஒரே கட்டுரையை, ஒரே மாதிரி தாங்கிப் பிடித்திருக்கின்றன. அதை அங்கே கைப்பாவைக் கணக்கு என்பார்கள். ஒரே ஆள் நாலு முகமூடி போட்டதாகச் சந்தேகம். நாலு கணக்குக்கும் தடை. பிறகு பழைய கட்டுரைகளையும் ஒவ்வொன்றாகத் தோண்டினார்கள். கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால், எத்தனையோ இரவு உட்கார்ந்து அவள் சேர்த்ததெல்லாம் பச்சையில் கூட்டல் எண்ணாக இருந்தது. அதற்கு மேலேயே சிவப்பில் கழித்தல் எண், மீளமைக்கப்பட்டது, மீளமைக்கப்பட்டது என்று வரிசையாக. நல்ல வரியும் கெட்ட வரியோடு சேர்ந்து போனது. அண்ணாச்சி தரப்பில் தேன் வற்றிப்போனது. "காச எண்ணி வையி, இல்லன்னா ஒங்க காலேஜுல வந்து பேசுதோம்" என்றார்கள்.

அந்தப் பெண் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்போதுதான் அம்மாவுக்கே தெரிந்தது.

உஷார்! யாராவது பணம் என்று பேச்செடுத்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு எழுதுபவர், யாரிடம் வாங்கினோம் என்பதை வெளிப்படையாக அறிவித்தே ஆக வேண்டும். 2014 முதல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதியிலேயே இது இருக்கிறது. அறிவிக்காமல் எழுதினால் மாட்டுவது காசு கொடுத்தவர் இல்லை, உங்கள் பிள்ளை. 2015இல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய கும்பலைப் பிடித்தார்கள். 381 கணக்குகளுக்குத் தடை. அவர்கள் செய்த வேலை என்ன தெரியுமா? யாருடைய கட்டுரை நிராகரிக்கப்பட்டது என்று பார்த்து, அவர்களிடமே போய், பணம் கொடுத்தால் ஏற்றித் தருகிறோம் என்பது. ஏற்றிய பிறகு, மாதாமாதம் கொடுத்தால்தான் கட்டுரை நிற்கும் என்று மிரட்டுவது. விக்கிப்பீடியாவில் கட்டுரை போடக் கட்டணமே கிடையாது. இதைத் தெரிந்துவைத்திருந்தாலே பாதிப் பேர் பிழைத்துக்கொள்வார்கள்.

அந்த "யுனெஸ்கோ டாக்டர்" விஷயம். யுனெஸ்கோ பல்கலைக்கழகம் இல்லை. டாக்டர் பட்டம் கொடுப்பது அதன் வேலையும் இல்லை. நம் மாநிலத்தில் போலிப் பட்டம் ஒன்றும் புதிதல்ல. 2023 பிப்ரவரியில் சென்னையில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கிலேயே மேடை போட்டு, பிரபலங்களைக் கூப்பிட்டு, போலி கௌரவ டாக்டர் பட்டம் வழங்கினார்கள். பல்கலைக்கழகமே போலீஸில் புகார் கொடுக்க வேண்டியதாயிற்று. சர்வதேச, உலக, மனித உரிமை, கவுன்சில்... இப்படிப் பெரிய பெரிய வார்த்தையாக அடுக்கிய அமைப்பின் பெயரைப் பார்த்தால் மயங்காதீர்கள், பயப்படுங்கள். அந்தப் பட்டத்தை மெய்யாக்கிக் காட்டத்தான் அவர்களுக்கு விக்கிப்பீடியா தேவைப்படுகிறது.

யுனெஸ்கோ என்ற பெயருக்கு நம் நாட்டில் ஒரு வசியம் உண்டு. உலகின் சிறந்த தேசிய கீதம் என்று யுனெஸ்கோ ஜன கண மனவை அறிவித்ததாக ஒரு செய்தி வருஷா வருஷம் சுற்றுகிறதே, அது புரளி. யுனெஸ்கோவே மறுத்துவிட்டது. 2016இல் இரண்டாயிரம் ரூபாய் நோட்டு வந்த சூட்டோடு, உலகின் சிறந்த கரன்சி என்று யுனெஸ்கோ சொன்னதாக இன்னொரு புரளி. சிறந்த கீதம், சிறந்த நோட்டு, சிறந்த மொழி என்று போட்டி நடத்திப் பரிசு கொடுக்கும் சங்கம் இல்லை அது. அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் கை தானாக நிற்க வேண்டும்.

சரி, உண்மையான பட்டியல் எது? உலகப் பாரம்பரியப் பட்டியலில் தமிழ்நாட்டுக்கு மாமல்லபுரம் 1984இல் வந்தது. தஞ்சைப் பெரிய கோயில் 1987இல். கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004இல் அதோடு சேர்ந்தன. நீலகிரி மலை ரயில் 2005. மேற்குத் தொடர்ச்சி மலை 2012. செஞ்சிக் கோட்டை 2025இல், மராட்டியர் கோட்டைகளோடு சேர்ந்து. அவ்வளவுதான். இதில் நெல்லையப்பர் கோயில் இல்லை. கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்கள் இல்லை. ஆதிச்சநல்லூர் இல்லை. எனக்கும் வருத்தம்தான். கிருஷ்ணாபுரத்தில் அந்தத் தூண்களுக்கு முன்னால் நின்றவர்கள் யாருக்கும் வருத்தம் வரும். அதற்காக இல்லாததை எழுதிவிட முடியுமா? இருக்கிற பெருமைக்கே அது கெடுதல்.

அரைகுறை உண்மை இன்னும் ஆபத்து. ஸ்ரீரங்கத்துக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. அது கோயிலைப் புதுப்பித்த வேலைக்கான விருது. கோயிலின் பெயர் இந்தியா கொடுத்த தற்காலிகப் பட்டியலில் இருக்கிறது; அது விண்ணப்ப வரிசை மாதிரி. இரண்டையும் கலந்து "உலகப் பாரம்பரியச் சின்னம்" என்று எழுதியவர்கள் எத்தனை பேர்! நம் பக்கத்தில் கூந்தன்குளம் அப்படி மாட்டிக்கொள்கிறது. நாங்குநேரி வட்டத்து அந்தப் பறவைக் குளம் ராம்சர் பட்டியலில் இருக்கிறது. ராம்சர் என்பது ஈரானில் 1971இல் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கை. யுனெஸ்கோ பட்டியல் வேறு. பாரம்பரியப் பட்டியல், உயிர்க்கோளக் காப்பகம், ராம்சர் மூன்றும் மூன்று கதவு. ஒரு குளத்தை மூன்றிலும் நுழைத்துவிடாதீர்கள்.

அடுத்த ஆபத்து, காப்பி பேஸ்ட்.

"ஐநா சைட்தானே, பொதுச் சொத்துதானே" என்பார்கள் பிள்ளைகள். இல்லை! ஐநாவின் இணையப் பக்கங்கள் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. யுனெஸ்கோ 2013இல் திறந்த அணுக்கக் கொள்கைக்கு மாறியது. அதன் புதிய வெளியீடுகள் பல, பெயர் சொல்லிப் பயன்படுத்தக்கூடிய உரிமத்தில் வருகின்றன. அதை நம்பி அங்கே இருக்கும் படத்தையும் எடுத்துவிடக் கூடாது. படம் எடுத்தவரின் உரிமை தனி. உலக சுகாதார நிறுவனத்திடம் இருப்பது இன்னும் நயமான பொறி. கிரியேட்டிவ் காமன்ஸ் என்று பார்த்ததும் பிள்ளைகள் துள்ளுவார்கள். ஆனால் அதில் வணிகப் பயன்பாடு கூடாது என்று ஒரு வரி இருக்கும். வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கும் எழுத்தைத்தான் விக்கிப்பீடியா ஏற்கும். ஆகவே அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. அந்த ஒரு வரியைப் படிக்காததால் கட்டுரை மொத்தமும் போகும்.

பயமில்லாமல் எடுக்க வேண்டுமா? நாட்டுடைமையான நூல்கள் இருக்கின்றன. நம் ராஜவல்லிபுரத்து ரா. பி. சேதுப்பிள்ளை எழுதியவையே இருக்கின்றன. அவற்றை எடுத்துப் படியுங்கள், பெயர் சொல்லிப் பயன்படுத்துங்கள்.

ஒரு காலத்தில் யுனெஸ்கோவைத் தமிழில் கொண்டுவருவது எவ்வளவு கெடுபிடியான வேலை தெரியுமா? யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்பு 1967இல் தொடங்கியது. மணவை முஸ்தபா நீண்ட காலம் அதன் ஆசிரியராக இருந்தார். ஒரு கலைச்சொல்லுக்காக மண்டையை உடைத்துக்கொண்ட மனிதர். எழுதியது ஆசிரியர் மேசையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். இன்றைக்கு உங்கள் பெண் "பதிப்பிடு" என்ற பொத்தானைத் தட்டினால் அந்த நொடியே உலகம் பார்க்கும். நடுவில் மேசை இல்லை.

மேசை இல்லாத இடத்தில் இயந்திரத்தையும் விட்டால்? பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியை வைத்து, ஆள் அமர்த்தி, தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைகளைக் கொட்டியது. படிக்க முடியாத தமிழ். இங்கிருந்த தன்னார்வலர்கள் எதிர்த்து, 2010இல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டிலேயே அதைப் பற்றிப் பேசினார்கள். இப்போது வந்திருக்கும் ஏஐ அதைவிடப் பொல்லாதது. தமிழ் வழவழவென்று இருக்கும். சான்று கேட்டால் ஆவண எண், பக்க எண் எல்லாம் போட்டுக் கொடுக்கும். போய்ப் பார்த்தால் அப்படி ஓர் ஆவணமே இருக்காது! சான்றைத் திறந்து, அந்த வரியை உங்கள் கண்ணால் பார்க்காமல் போடாதீர்கள். எத்தனை பேர் கிண்டல் செய்தாலும் போடாதீர்கள்.

படம் எடுக்கப் போகிறேன் என்று கிளம்புகிறார்களா? நிறுத்துங்கள். முண்டந்துறைக்குள் அனுமதியில்லாமல் கால் வைத்தால் வனத்துறை வழக்கு. ட்ரோன் என்றால் கேட்கவே வேண்டாம். கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. திருச்செந்தூர் கோயில் வழக்கில்தான் அந்த உத்தரவே வந்தது. ஒன்று மட்டும் அம்மாக்களுக்கு: போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிந்திருக்கும். விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் அதை அப்படியே ஏற்றினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீட்டு மாடியிலிருந்து பொதிகையைப் படம் எடுத்து ஏற்றினால், உங்கள் வீட்டு விலாசத்தையும் சேர்த்து ஏற்றியதாக அர்த்தம். இடப்பதிவை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

நீதிமன்றம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2024இல் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம், தன்னைப் பற்றிய கட்டுரைக்காக விக்கிமீடியா மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் இரண்டு கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. கட்டுரையைத் திருத்திய தன்னார்வலர்கள் யார் என்று நீதிமன்றம் கேட்டது. அந்த வழக்கைப் பற்றி எழுதிய பக்கத்தையே நீக்கச் சொன்னது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த நீக்க உத்தரவை ரத்து செய்தது. நிம்மதிதான். ஆனாலும் புனைபெயர் இருக்கிறது, யாருக்குத் தெரியப் போகிறது என்ற நினைப்பு இனி வேண்டாம். உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றியோ, நடக்கும் நிறுவனத்தைப் பற்றியோ ஒரு வரி எழுதினால், அதைக் கூண்டில் நின்று சொல்ல முடியுமா என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

குழுவாக வேலை செய்யும்போது இந்த அறிகுறிகள் தெரிந்தால் உடனே கையைத் தூக்குங்கள். ஷீட்டில் எல்லாம் பச்சை, ஆனால் சான்றுக் கட்டம் காலி. ஒருத்தர் எழுதியதை மற்றவர் திறந்தே பார்க்காமல் "சூப்பர்" போடுவது. பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில் நடந்து, கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லாதது. இது ரொம்பக் கெடுதல். வெளியில் இருப்பவருக்கு நீங்கள் நாலு பேரும் சதிக் கூட்டமாகத்தான் தெரிவீர்கள். கல்லூரியில் யாராவது பெரியவர், "நம்ம காலேஜ் பக்கத்துல இத மட்டும் எடுத்துருங்கம்மா" என்று அன்பாகச் சொல்வது. போட்டி, பரிசு என்று எண்ணிக்கையை ஏற்றுவதற்காக ஒரே நாளில் பத்துக் கட்டுரை போடுவது. குற்றாலத்தை இன்னும் திருநெல்வேலி மாவட்டத்தில் வைத்திருப்பது! 2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டம். இதைக்கூடத் திருத்தாத குழு எதைத்தான் சரிபார்த்திருக்கும்?

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பயத்தில் புதுக் கணக்கு தொடங்கி மறுபடி எழுதப் போகாதீர்கள்! தடையிலிருக்கும்போது புதுக் கணக்கு என்றால் கதை முடிந்தது. பழைய கணக்கின் பேச்சுப் பக்கத்திலேயே நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். யார், எவ்வளவு பணம், எந்தக் கட்டுரை, எந்தத் தோழி. நாலு பேர் ஒரே வீட்டிலிருந்து எழுதினால் அதையும் அவரவர் பயனர் பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். அது குற்றமே இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் எல்லோரும் கூடிப் பேசும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்றே பெயர். குழுவாக எழுத ஆரம்பிக்கும் முன்பே அங்கே போய், இன்னார் இன்னார் சேர்ந்து இதை எழுதப் போகிறோம் என்று ஒரு வரி போட்டால், பத்து அனுபவசாலிகள் கண் வைத்திருப்பார்கள்.

வாங்கிய பணத்தை வங்கி வழியாகவே திருப்பிக் கொடுங்கள், கையில் கொடுக்காதீர்கள். மிரட்டினால் 1930க்கு அழையுங்கள், அல்லது மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு அம்மா அப்பாவோடு போங்கள். அதற்கு முன்னால் அந்த அண்ணாச்சியின் மெசேஜ், ஜிபே ரசீது, எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வெட்கப்பட்டு அழித்துவிடாதீர்கள்.